காற்று நல்ல காற்றுதான், தலை சுற்றியது ஏன்?

கேள்வி: எனக்கு 53 வயது. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. காலையும் இரவும் இன்ஹேலர் எடுத்துக்கொள்கிறேன், இப்போது கட்டுப்பாட்டில் இருக்கிறது. போன மாதம் என் மகள் என்னை ஒரு காட்டு மூச்சுப் பயிற்சி முகாமுக்கு அழைத்துப் போனாள். மரங்களுக்கு நடுவே வட்டமாக உட்காரவைத்து, வாயைத் திறந்து வேகவேகமாக, எவ்வளவு முடியுமோ அவ்வளவு காற்றை இழுத்து விடச் சொன்னார்கள். நடுவில் மூச்சை அடக்கவும் சொன்னார்கள். பத்து நிமிடத்துக்குள் எனக்குத் தலை சுற்றியது. விரல் நுனியிலும் உதட்டிலும் எறும்பு ஊர்வதுபோல இருந்தது, நெஞ்சு இறுகியது. பயிற்சியாளரிடம் சொன்னேன். “உடம்பில் இருக்கும் நச்செல்லாம் வெளியே போகிறது, தொடருங்கள்” என்றார். பயந்துபோய் எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஓடைக்கரையில் போய் உட்கார்ந்தேன், அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். மற்றவர்கள் எல்லோரும் ஆக்சிஜன் நிரம்பிப் புத்துணர்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படி? என் நுரையீரல் அவ்வளவு பலவீனமாகிவிட்டதா? தொடர்ந்து செய்தால் இன்ஹேலரை விட்டுவிடலாம் என்றும் சொல்கிறார்கள். அடுத்த மாதம் மகள் மறுபடியும் கூப்பிடுகிறாள். போகலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது, ஆஸ்துமா உள்ள ஒருவர் நெஞ்சு இறுகுகிறது என்று சொன்ன பிறகும் “தொடருங்கள்” என்றார்களே என்று கோபம் வந்தது. இரண்டாவது முறை படித்தபோது, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரியில் கண் நின்றது. ஓடைக்கரையில் உட்கார்ந்தேன், சரியாகிவிட்டது என்கிறீர்கள். அந்த இடத்தில் யாரும் உங்களை மூச்சை இழு, அடக்கு என்று சொல்லவில்லை. காடு உங்களுக்கு ஒத்துக்கொண்டது. வட்டத்தில் உட்கார்ந்து செய்த வேக மூச்சுதான் ஒத்துக்கொள்ளவில்லை. நுரையீரல் சிகிச்சைப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துவரும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பயத்தைப் போக்கிவிடலாம். நீங்கள் சொன்ன தலைசுற்றலும் விரல் நுனி, உதடு ஊரலும் நுரையீரல் பலவீனத்தின் அடையாளம் இல்லை. நல்ல ஓட்டப்பந்தய வீரர் ஒருவரை உட்காரவைத்துப் பத்து நிமிடம் வாயைத் திறந்து வேகமாக மூச்சுவிடச் சொன்னாலும் அவருக்கும் இதேதான் வரும். நாம் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். உடம்பு அந்த நேரத்தில் எவ்வளவு கரியமில வாயுவை உண்டாக்குகிறதோ, அதை வெளியேற்ற அவ்வளவு மூச்சே போதும். உட்கார்ந்த இடத்தில் வேலை எதுவும் செய்யாமல் மூச்சை மட்டும் இரண்டு மூன்று மடங்காக்கினால், கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியே போய்விடும்.

கரியமில வாயுவைக் கழிவு என்றுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது வெறும் கழிவு இல்லை. ரத்தத்தின் அமிலத் தன்மையைச் சமமாக வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதன் அளவு குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தலை சுற்றுகிறது. ரத்தத்தில் காரத் தன்மை கூடுகிறது. அப்போது ரத்தத்தில் தனியாக உலவும் கால்சியம் குறைந்து, நரம்புகள் தாமாகவே துடிக்கத் தொடங்குகின்றன. எறும்பு ஊர்வதுபோல இருந்தது அதனால்தான். இன்னும் கொஞ்ச நேரம் தொடர்ந்திருந்தால் விரல்கள் மடங்கி இறுகியிருக்கும். மூச்சு பழைய நிலைக்கு வந்ததும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும், உங்களுக்கும் அப்படித்தான் ஆனது. நச்சு வெளியேறியது என்பதில் உண்மையே இல்லை. நுரையீரல் முக்கியமாக வெளியேற்றுவது கரியமில வாயுவும் நீராவியும்தான், மற்ற வேலையெல்லாம் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

அப்புறம் ஆக்சிஜன். விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பார்த்திருப்பீர்கள். ஆரோக்கியமாக இருக்கும் ஒருவருக்கு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அது 95-க்கு மேல் காட்டும். வண்டி ஏற்கெனவே நிரம்பித்தான் ஓடுகிறது, இன்னும் ஏற்ற இடம் கிடையாது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. கரியமில வாயு குறைந்தால் ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், திசுக்களுக்கு லேசில் விட்டுக்கொடுக்காது. கிறிஸ்டியன் போர் என்ற டென்மார்க் விஞ்ஞானி 1904-லேயே இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். ஆக்சிஜனுக்காக வேக மூச்சு விடுகிறவர் உண்மையில் மூளைக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்துக்கொள்கிறார். மற்றவர்கள் புத்துணர்ச்சி என்று சொன்னதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கிறுகிறுப்பு சிலருக்குச் சுகமாகத்தான் இருக்கும். உங்களுக்கு ஆஸ்துமா இருப்பதால் கூடவே நெஞ்சும் இறுகியது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காட்டில் ஆக்சிஜன் அதிகம் என்ற நம்பிக்கையையும் சரிபார்த்துவிடுவோம். அடர்ந்த காடானாலும் நகரத் தெருவானாலும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம்தான். காற்று ஓரிடத்தில் தேங்கி நிற்பதில்லை, கலந்துகொண்டே இருக்கிறது. மலைக்காடாக இருந்தால் நிலைமை தலைகீழ். 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். அப்படியும் காட்டில் நமக்கு நன்றாக இருக்கிறது என்றால் காரணம் வேறு. வாகனப் புகை இல்லை. பறக்கும் தூசியை இலைகள் பிடித்துவைத்துக்கொள்கின்றன. காற்று ஈரமாக, குளுமையாக இருக்கிறது. மரங்கள் பைனீன், லிமோனீன் போன்ற மணமுள்ள பொருள்களை வெளிவிடுகின்றன. சத்தம் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே நம்மை யாரும் அவசரப்படுத்துவதில்லை.

ஜப்பானின் வனத்துறை 1982-இல் இதற்கு ‘ஷின்ரின் யோகு’ என்று பெயர் வைத்தது. வனக் குளியல் என்று சொல்லலாம். அங்கே 24 காடுகளில் சுமார் 280 இளைஞர்களை வைத்து நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. காட்டில் இருந்தபோது நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனும் நகரத்தில் இருந்ததைவிடக் குறைந்திருந்தன. ரத்த அழுத்தத்தில் இருந்த வித்தியாசம் சிறியது, கார்டிசோலில் கொஞ்சம் நன்றாகவே தெரிந்தது. இதில் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது வேறு. அவர்களுக்கு யாரும் மூச்சுப் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. கால் மணி நேரம் போல நடந்தார்கள், கால் மணி நேரம் போல உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். ஓடைக்கரையில் நீங்கள் செய்ததும் ஏறக்குறைய அதே.

முகாம்களில் நோய் எதிர்ப்புச் சக்தி கூடும் என்றும் சொல்வார்கள். டோக்கியோவைச் சேர்ந்த மருத்துவர் சிங் லி நடத்திய ஆய்வுகளை வைத்துச் சொல்வது அது. 2007-இல் வெளியான ஆய்வில் 12 ஆண்கள் மூன்று நாள் காட்டில் தங்கி வந்தார்கள். அவர்களின் ரத்தத்தில் என்கே செல்கள் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்களின் செயல்பாடு கூடியிருந்தது. கேட்கச் சந்தோஷமான செய்திதான். ஆனாலும் 12 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ரத்தத்தில் ஒரு அளவு கூடுவதும் நோய் வராமல் இருப்பதும் ஒன்றல்ல. இதை வைத்துக்கொண்டு புற்றுநோய் வராது, ஆஸ்துமா ஓடிவிடும் என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி உங்கள் ஆஸ்துமாவுக்கு வருவோம். மூக்கு வழியாக வரும் காற்று வடிகட்டப்பட்டு, சூடாகி, ஈரமாகி உள்ளே போகிறது. வாயைத் திறந்து வேகமாக இழுக்கும்போது இந்த மூன்றும் சரியாக நடப்பதில்லை. காற்று போதுமான அளவு சூடாகாமல், ஈரமாகாமல் நேராக மூச்சுக் குழாயில் படுகிறது. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக் குழாய்க்கு அது பிடிக்காது, சுருங்கிவிடும். உடற்பயிற்சியால் வரும் ஆஸ்துமா இருக்கிறதா என்று கண்டுபிடிக்க மருத்துவமனையில் ஒரு சோதனையே உண்டு. சில நிமிடங்கள் உலர்ந்த காற்றை வேகமாக இழுத்து விடச் சொல்லி, அதன் பிறகு மூச்சுக் குழாய் எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பார்கள். பக்கத்தில் மருந்தை வைத்துக்கொண்டு, மருத்துவர் மேற்பார்வையில் செய்யும் சோதனை அது. உங்களை அதையே மரத்தடியில் செய்யவைத்திருக்கிறார்கள். நெஞ்சு இறுகியதில் ஆச்சரியமில்லை.

இன்ஹேலரை விடுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. காலையும் இரவும் நீங்கள் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் மூச்சுக் குழாயின் உள்சுவரில் இருக்கும் அழற்சியைக் குறைக்கிறது. மூச்சுப் பயிற்சி அந்த இடத்துக்குப் போவதே இல்லை. பிரிட்டனில் ஆஸ்துமா உள்ள 655 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. மூச்சை மெதுவாக, மூக்கு வழியாக, வயிற்றிலிருந்து விடப் பழகியவர்களின் அன்றாட வாழ்க்கை சுலபமாகியிருந்தது. நுரையீரலின் திறனிலும் அழற்சியிலும் மாற்றம் எதுவும் இல்லை. இரண்டையும் சேர்த்து மனதில் வையுங்கள். பயிற்சியால் பலன் உண்டு, அது மருந்தோடு கூடச் செய்யும்போதுதான். நன்றாக இருக்கிறதே என்று தாமாக மருந்தை நிறுத்திவிட்டு, சில வாரம் கழித்து நடு இரவில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலைமை உங்களுக்கு வர வேண்டாம். அளவைக் குறைக்கலாமா என்று தோன்றினால் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், அவர் சோதித்துப் பார்த்துப் படிப்படியாகக் குறைப்பார்.

சரி, காட்டில் என்னதான் செய்வது? சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

போனதும் உட்கார்ந்து பயிற்சியைத் தொடங்காதீர்கள். முதல் 15, 20 நிமிடம் நடங்கள். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்கினால் நடையைக் குறையுங்கள். வாய் மூடியிருக்கட்டும். இந்த நடையில் மூச்சைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மண்வாசனை வருகிறதா, பட்டை வாசனை வருகிறதா என்று மட்டும் பாருங்கள். ஈர மண்ணின் அந்த வாசனைக்குக் காரணம் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். துளியிலும் துளி அளவு இருந்தாலே நம் மூக்கு அதைப் பிடித்துவிடும். பிடித்த வாசனை ஒன்றைத் தேடும்போது ஒருவர் எப்படி மூச்சு விடுகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? வாய் தானாக மூடிக்கொள்ளும். மூக்கு வழியாக மெல்ல, நீளமாக உள்ளே போகும், ஒரு கணம் நிற்கும், பிறகு மெதுவாக வெளியே வரும். நான் அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தும் வராத மூச்சு, ஒரு வாசனையில் வந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தெரியாத இலையைக் கசக்கி முகராதீர்கள், சில செடிகள் அரிப்பைத் தரும். கீழே கிடக்கும் பழைய மரத்துண்டையும் மக்கிய சருகையும் கிளறி முகர வேண்டாம், அவற்றில் பூஞ்சை வித்துகள் இருக்கும்.

பிறகு உட்கார ஒரு இடம் பாருங்கள். எறும்பும் உண்ணியும் இல்லாத இடமா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, முதுகு சாய்கிற மாதிரி மரத்தில் சாய்ந்துகொள்ளுங்கள். முதுகெலும்பு விறைப்பாக நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இடுப்பில் இறுக்கமாக எதுவும் இருந்தால் தளர்த்திக்கொள்ளுங்கள். ஒரு கை நெஞ்சின் மேல், ஒரு கை விலா முடியும் இடத்தில், தொப்புளுக்கு மேல். ஒரு நிமிடம் எதையும் மாற்றாமல் உங்கள் மூச்சை எண்ணுங்கள். 14 வரலாம், 18 வரலாம். எதுவாக இருந்தாலும் அதுதான் தொடக்கம்.

இப்போது மூச்சை வெளியே விடுவதிலிருந்து தொடங்குங்கள். பயிற்சி என்றதும் எல்லோரும் இழுப்பதில்தான் கண்ணாக இருக்கிறார்கள். நீங்கள் அதை விட்டுவிடுங்கள். ஆஸ்துமாவில் உண்மையான சிக்கல் காற்று உள்ளே போவதில் இருப்பதைவிட, உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராமல் சிக்கிக்கொள்வதில் அதிகம் இருக்கிறது. நன்றாக வெளியே விட்டுவிட்டால் உள்ளே வருவது தானாக வரும். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் ஒரு புல்லைக் கொடுப்பேன். காய்ந்த, நீளமான, பூவோ கதிரோ இல்லாத ஒரே ஒரு புல். அதை முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, விசில் அடிக்கப் போவதுபோல உதட்டைக் குவித்து, மெல்ல ஊத வேண்டும். புல் ஒரு பக்கமாக வளைய வேண்டும், வளைந்த நிலையிலேயே நிற்க வேண்டும். அது படபடவென்று துடித்தால் நீங்கள் வேகமாக ஊதுகிறீர்கள். வளைந்து நிமிர்ந்து வளைந்தால் மூச்சு விட்டுவிட்டு வருகிறது. அப்படியே வளைந்து நிற்கும்படி நாலைந்து நொடி ஊதிவிட்டீர்கள் என்றால், அதுதான் நான் எதிர்பார்க்கும் மூச்சு. கடைசிச் சொட்டுவரை பிழிந்து வெளியேற்ற வேண்டாம். நுரையீரல் நோய் முற்றிய ஒரு பெரியவர் இந்தப் புல்லைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடப்பார். மேடு வந்தால் நின்று, புல்லை எடுத்து, நாலு முறை ஊதிவிட்டு ஏறுவார்.

ஊதி முடித்ததும் வாயை மூடுங்கள். மூக்கு வழியாகக் காற்று வரட்டும், நீங்கள் இழுக்க வேண்டாம். கீழே இருக்கும் கை லேசாக உயர வேண்டும், மேலே இருக்கும் கை பெரிதாக அசையக் கூடாது, தோள் ஏறக் கூடாது. உள்ளே 3 எண்ணிக்கை, வெளியே 4 என்று தொடங்குங்கள். சில வாரம் பழகிய பிறகு உள்ளே 4, வெளியே 6 வரை போகலாம். ஒரு எண்ணுக்கு ஒரு நொடி என்றால் அது நிமிடத்துக்கு 6 மூச்சு. அதற்குக் கீழே போக வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. மூச்சை அடக்கவே வேண்டாம். உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை, இதய நோய், உயர் ரத்த அழுத்தம், வலிப்பு, கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கும் பயிற்சியை ஒதுக்கிவிடுவதுதான் நல்லது.

நிமிடத்துக்கு 6 மூச்சு என்றால் காற்று போதாதோ என்று தோன்றும். ஒரு சின்னக் கணக்கு. சாதாரண மூச்சு ஒன்றில் சுமார் 500 மில்லி காற்று போகிறது. அதில் ஏறத்தாழ 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக் குழாயிலேயே நின்றுவிடும், மீதி 350 மில்லிதான் ஆக்சிஜன் ரத்தத்தில் கலக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும். 12 மூச்சுக்கு 4.2 லிட்டர். மூச்சு மெதுவாகும்போது ஆழமும் தானாகக் கூடும். ஒரு மூச்சு 850 மில்லி என்று வைத்தால், 150 போக 700 மில்லி. 6 மூச்சுக்கு அதே 4.2 லிட்டர். பாதி மூச்சில் அதே பலன். மாறாக, 24 முறை மேலோட்டமாக 250 மில்லி வீதம் வாங்கினால் 2.4 லிட்டர்தான் போய்ச் சேரும், உழைப்பு மட்டும் மிச்சம்.

இந்த 6 என்ற எண்ணில் வேறு ஒரு விசேஷமும் உண்டு. மூச்சு உள்ளே போகும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், வெளியே வரும்போது மெதுவாகும். மணிக்கட்டில் விரல் வைத்துக்கொண்டு நீளமாக மூச்சை விட்டுப் பாருங்கள், பலருக்கு அது விரலிலேயே தெரியும். நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற தாளத்தில் இந்த ஏற்ற இறக்கமும் ரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு 2001-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. ஜெபமாலை சொல்லும்போதும் ஒரு பௌத்த மந்திரத்தைச் சொல்லும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்ற அளவுக்கு வந்து நிற்கிறது என்று கண்டார்கள். இரு வேறு மரபுகள், யாரும் கடிகாரம் பார்க்கவில்லை, ஒரே தாளத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு மனசு நிறைந்துபோனது. உங்களுக்கு எண்ணுவது சலிப்பாக இருந்தால், மனப்பாடமாகத் தெரிந்த நாலு வரியை மெதுவாகச் சொல்லிக்கொண்டே மூச்சை வெளியே விடலாம். வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகவும் செய்யலாம். முனகும்போது மூக்கை ஒட்டிய எலும்பு அறைகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு வெளிவருவது பல மடங்கு கூடுகிறது என்று ஸ்வீடனில் 2002-இல் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

ஐந்து நிமிடம் போதும். முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருங்கள், ஓடையைப் பாருங்கள். அடிக்கடி கொட்டாவியோ பெருமூச்சோ வந்தாலும், விரல் நுனி மறுபடி ஊரினாலும், தலை லேசாகக் கிறுகிறுத்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு, மூச்சை அதன் போக்கில் விடுங்கள். பேப்பர் பையை முகத்தில் வைத்து மூச்சு விடச் சொல்வது பழைய வழக்கம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

இனி எச்சரிக்கைகள். உடனடி நிவாரண இன்ஹேலர் உங்கள் உடம்போடு இருக்க வேண்டும், வண்டியில் விட்டுவந்த பையில் இருந்து பயனில்லை. தனியாகப் போகாதீர்கள். மகரந்தம் பறக்கும் காலம் எது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வனக் குளியலுக்குப் பெயர் வைத்த ஜப்பானிலேயே, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெருமளவில் நட்ட சுகி என்ற ஊசியிலை மரங்களின் மகரந்தத்தால் ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஏராளமானவர்களுக்கு ஒவ்வாமை வருகிறது. இடி மழை அடித்து ஓய்ந்த உடனே போக வேண்டாம். முகாம்களில் இரவில் மூட்டும் நெருப்பின் புகை, கொசுவர்த்தி, நறுமண எண்ணெய் இவற்றிலிருந்தும் தள்ளி இருங்கள். சளி, இருமல், இரவில் இளைப்பு இருக்கிற வாரத்தில் போகவே வேண்டாம். காட்டில் இளைப்பு வந்துவிட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து, மருத்துவர் சொன்ன அளவில் நிவாரண இன்ஹேலரை எடுங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை என்றாலோ, மருந்துக்கு அடங்கவில்லை என்றாலோ பயிற்சி எதையும் முயலாமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

காட்டுக்கு எப்போதாவதுதான் போக முடியும் என்பதால் மற்ற நாளில் பலன் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் கேட்டு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையோடு இருந்தவர்கள் தங்கள் உடல்நலத்தையும் மனநலத்தையும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே நாளில் இருந்தாலும் பிரித்துப் பிரித்து இருந்தாலும் வித்தியாசம் இல்லை. மர நிழல் உள்ள பூங்கா போதும். புல்லை அங்கேயும் வளைக்கலாம்.

அடுத்த மாதம் போகலாமா என்றால், போங்கள். போவதற்கு முன் முகாம் நடத்துகிறவர்களிடம் ஆஸ்துமா இருக்கிறது என்றும், வேக மூச்சும் மூச்சை அடக்குவதும் செய்ய மாட்டீர்கள் என்றும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மகளிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள், நிவாரண இன்ஹேலரை எப்படிக் கொடுப்பது என்று அவளுக்கும் பழக்கிவையுங்கள். மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் வீட்டில் இருந்தால் கிளம்பும் நாள் காலையில் ஊதிப் பாருங்கள், வழக்கமான அளவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அங்கே வட்டம் கூடி வேக மூச்சு தொடங்கும்போது யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். எழுந்து அந்த ஓடைக்கரைக்குப் போய்விடுங்கள், போகிற வழியில் ஒரு நீளமான புல்லைப் பறித்துக்கொண்டு.